பாய்லர் மூட்டை கட்டிய வாரம்

ஊருக்குப் பெயர் பீட்டர்ஹெட்.
பீட்டர் விடத்தான் அங்கே யாருக்கும் நேரமில்லை.
விடியுமுன் நாலு மணிக்கு
பனிக்கட்டியோடு ஹாடாக் மீன் வந்து விழும் மேசையில்
கத்தி பிடிக்கிறாள் இங்குனா.
லாட்வியாவில், வால்மியேராவில், கணக்கு டீச்சர்.
ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் இரண்டுதான் என்று
பதினோரு வருஷம் கரும்பலகைமேல் சத்தியம் செய்தவள்.

இந்த மொழி அப்படிக் கணக்குக்கு வரவில்லை.

திங்கட்கிழமை ஹவுஸ் ஓனரின் மெசேஜ்:
பாய்லர் பேக்ட் அப்.
பேக் தெரியும். அப் தெரியும்.
கூட்டிப் பார்த்தாள்:
பாய்லர் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு
மேலே எங்கேயோ கிளம்பிவிட்டது.
குழாயைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.
ஒருவகையில் சரிதான்.

பிளம்பர் டர்ன் அப் ஆவார் என்றார்கள்.
ஆகவில்லை.
டர்ன் ஆஃப் செய் என்றார்கள், அது தண்ணீர்க் குழாய்.
டர்ன் டவுன் என்றால் ரேடியோ,
சில பேருக்கு விசா.
ஒரே திருகல்தான்;
வால் மாறினால் தலையே வேறாகிவிடுகிறது.

சம்பளத்தில் ஒன்பது மணி நேரத்தைக் காணோம் என்று போய் நின்றபோது
ஃபோர்மேன் ரோரி
லுக் இன்ட்டு இட் என்றார்.
மூன்று வாரமாக அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்,
பாழுங்கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல.
அறைத்தோழி எஃபுவா, கானாக்காரி, சொன்னாள்:
லுக் ஃபார் என்றால் தேடியாவது பார்ப்பார்.
இன்ட்டு என்றாரா?
காசை மறந்துவிடு.

எதிர்மேசை வில்மா
முள் எடுக்கும் அதே வேகத்தில் பேசுகிறவள்.
இருபத்தாறு வருஷமாக டூகலோடு
புட் அப் வித் செய்கிறாளாம்.
புட், வை. அப், மேலே. வித், கூட.
கூட வைத்து, மேலே எங்கே ஏற்றினாய் அவரை
என்று கேட்டாள் இங்குனா.
வில்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.
பரணில்தான் ஏற்றியிருக்கணும்,
விட்டுவிட்டேன்.

(இதற்குச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.
வந்துவிடு, வந்து பார், வந்து தொலை.
கடைசியில் சொன்னபடி கூப்பிடப்பட்டவன்
வரவேண்டுமா, தொலையவேண்டுமா?)

வியாழக்கிழமை.
பனி அறை வாசலில்
ஃபோர்க்லிஃப்ட் வண்டியிலேயே சாய்ந்துவிட்டார் டூகல்.
அபர்தீன் ஆஸ்பத்திரியில் ராத்திரியே நெஞ்சைத் திறந்தார்கள்.
வெள்ளிக்கிழமை வில்மா வேலைக்கு வந்தாள்.
ஆஸ்பத்திரியில் உட்காரவும் விடவில்லை,
வீட்டில் உட்காரவும் முடியவில்லை என்றாள்.
அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவே.

பத்தேகாலுக்கு போன் அடித்தது.
ஈரக் கையுறையைப் பல்லால் உருவினாள்.
ஹோல்ட் ஆன், என்றது ஒரு பெண்குரல்.
வில்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு போனை இறக்கி
புல்ட் த்ரூ என்றாள்.
அழுதாள்.

புல், இழு. த்ரூ, ஊடாக.
எதன் ஊடாக? யார் இழுத்தது?
நம் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால்
வாசலில் நாற்காலி போட ஆரம்பித்துவிடுவார்கள்.
இங்குனாவுக்குத் தெரிந்தது வலைதான்.
வலையோடு இழுபட்டு இந்த மேசைக்கு வருவதும் மீன்.
கண்ணிக்குள் உடம்பை ஒடுக்கி
கடலுக்கே திரும்பிவிடுவதும் மீன்.
இதில் டூகல் எந்த மீன்?

வில்மாவின் முகத்தைப் பார்த்தாள்.
அழுகைக்குப் பின்னால் சின்னச் சொல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.
நல்லதற்கும் அதே கண்ணீர்,
கெட்டதற்கும் அதே மூக்கு.
கன்வேயர் மட்டும்
யாரும் தொடாத மீன்களைச் சுமந்து போய்க்கொண்டிருந்தது.

வில்மா முழங்கையில் மூக்கைத் துடைத்தாள்.
என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்,
புட் த கெட்டில் ஆன்.
எனக்கு ரெண்டு சர்க்கரை.
அந்த ஆளுக்குத்தான் இனிமேல் அரைக் கரண்டி கிடையாதாம்,
டாக்டர் சொல்லிவிட்டார்,
வீட்டுக்கு வரட்டும், அந்தச் சண்டை இருக்கிறது.

இனிமேல்.
இங்குனா அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
மொத்தத்தையும் கூட்டினாள்.
சரியாக வந்தது.
போய் டீ போட்டாள்.